குத்தகை வயலும் மரத்தோப்பும்: ஊரில் இல்லாதவர் நிலத்தைப் பார்த்துக்கொள்வது எப்படி

பர்மாவில் பெகு பக்கத்துத் தமிழ்க் கிராமங்களில் ஏர் பிடிக்க வேண்டிய வயதுப் பிள்ளைகள் பலர் இன்று மலேசியாவிலும் தாய்லாந்திலும் இருக்கிறார்கள். வயல் இங்கேயே கிடக்கிறது. யாராவது அதைக் குத்தகைக்கு விட்டு, நெல்லை அளந்து வாங்கி, வரப்பைப் பார்த்து, வெளிநாட்டில் இருப்பவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்த வேலை என்னிடம் வந்தது. என் வயல், பங்காளிகளின் வயல், யோமா மலை அடிவாரத்தில் அப்பா வைத்துவிட்டுப் போன தோப்பு, எல்லாம் ஒரே நோட்டில் இருக்கின்றன. தோப்பில் தேக்கு, தைல மரம், மூங்கில் மூன்றும் உண்டு. உழுகிறவர்களில் பர்மாக்காரர் இருக்கிறார்கள், கரென்காரர் இருக்கிறார்கள், நம்மவர்களும் இருக்கிறார்கள். புதிதாக இதே பொறுப்புக்கு வருகிற தம்பிமார்கள் என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வேலையில் கொஞ்சம் தாத்தாவிடமிருந்து வந்தது. அவர் ஒரு செட்டியாரின் வட்டிக்கடையான கிட்டங்கியில் வயல் கணக்கு எழுதியவர். மிச்சத்தில் பெரும்பகுதியை ரங்கூன் பன்சோடான் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய இங்கிலாந்து நூல்களிலிருந்து எடுத்துக்கொண்டேன். 1700களில் அந்த நாட்டுப் பிரபுக்களின் நிலத்தைக் கவனித்த காரியஸ்தர்கள் என்ன செய்தார்கள் என்பது அவற்றில் இருக்கிறது. நிலத்துக்காரர் வருடத்தில் பாதி நாள் லண்டனில் இருப்பார். வயல் குத்தகைக்காரர் கையில் இருக்கும். காடு காரியஸ்தர் பொறுப்பு. நம் நிலைமையும் அதேதான். மண் வேறு, மழை வேறு, ஆனால் பிரச்சினைகள் அப்படியே பொருந்துகின்றன. அந்தக் காரியஸ்தர்களில் நல்லவர்கள் வயலையும் காட்டையும் தனித்தனியாகப் பார்க்கவில்லை. கெட்ட வருடத்தில் காடு குத்தகைக்காரனைத் தாங்கியது, நல்ல வருடத்தில் குத்தகைக்காரன் காட்டைக் காத்தான். நான் கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

முதல் வேலை: நடந்து பார்த்து எழுதுவது

பொறுப்பு கைக்கு வந்த உடனே குத்தகையைப் பற்றிப் பேச வேண்டாம். முதலில் நிலத்தை நடந்து பாருங்கள். அறுப்பு முடிந்து தாள் காய்ந்திருக்கும் மாசி, பங்குனி மாதங்கள்தான் இதற்கு ஏற்றவை. மழைக்காலத்தில் வரப்பு தண்ணீருக்குள் இருக்கும், ஒன்றும் தெரியாது. நில அளவைக் கந்தோரிலிருந்து உங்கள் குவின் (வயல் தொகுதி) படத்தின் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். குத்தகைக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் இல்லாமல் நடந்தால் உங்களுக்கு எல்லை தெரியும், நிலம் தெரியாது.

இங்கிலாந்துக் காரியஸ்தர்களும் இதிலிருந்துதான் தொடங்கினார்கள். 66 அடிச் சங்கிலி ஒன்று வைத்திருப்பார்கள். அந்தச் சங்கிலியால் 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அளந்து, படம் வரைந்து, ஒவ்வொரு வயலுக்கும் உள்ள ஊர்ப் பெயர், பரப்பு, யார் உழுகிறார், என்ன பயிர், வேலியும் கதவும் எப்படி இருக்கின்றன, ஓரத்தில் எத்தனை ஓக் மரம், எத்தனை எல்ம் மரம் நிற்கின்றன என்று ஒரு புத்தகத்தில் ஏற்றுவார்கள். நானும் ஒரு வயலுக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கியிருக்கிறேன். பக்கத்தின் மேலே குத்தகைக்காரர் அந்த வயலை எந்தப் பெயரால் அழைக்கிறாரோ அந்தப் பெயரை எழுதுகிறேன். படத்தில் உள்ள எண் அதற்குக் கீழே வரும். கந்தோரில் எண் வேண்டும், வயலில் நின்று பேசும்போது பெயர்தான் வேண்டும்.

நடக்கும்போது நான் பார்ப்பவை: வரப்பில் நண்டு வளை எங்கே இருக்கிறது, போன மழையில் உடைந்த இடத்தை மண் போட்டு மிதித்தார்களா அல்லது வைக்கோலைத் திணித்துவிட்டுப் போனார்களா, தாளின் உயரம் வயல் முழுக்க ஒரே மாதிரி இருக்கிறதா. ஒரு மூலையில் மட்டும் தாள் மெலிந்து நிற்கிறதென்றால் அங்கே தண்ணீர் தேங்குகிறது அல்லது வடிந்துவிடுகிறது. கையால் ஒரு பிடி மண் எடுத்து உடைத்துப் பாருங்கள். பயறு விதைத்த வயலின் மண் விரலில் உதிரும். வருடம் முழுக்க நெல்லே போட்ட வயலின் மண் கட்டியாக நிற்கும்.

குத்தகை: எத்தனை வருடம்?

இதில் நான் நீளமாகப் பேசுவேன், ஏனென்றால் மற்ற எல்லாம் இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கத்தில் பெரிய பண்ணைகளுக்கு 21 வருடக் குத்தகை கொடுப்பார்கள். அங்கே மண் மணற்பாங்கானது. சுண்ணாம்புக் களிமண் தோண்டி வந்து கொட்ட வேண்டும். கோதுமை, டர்னிப் கிழங்கு, பார்லி, தீவனப் பயிரான குளோவர் என்று நாலு வருடச் சுற்றில் பயிரை மாற்ற வேண்டும். கிழங்கும் குளோவரும் ஆடு மாட்டுக்கு, அவற்றின் சாணம் மறுபடி கோதுமைக்கு. இந்தச் சுற்று ஒருமுறை முழுதாக வரவே நாலு வருடம். கொட்டிய மண்ணின் பலன் வர இன்னும் சில வருடம். அடுத்த வருடம் வெளியேற்றிவிடுவார்கள் என்று தெரிந்தால் எந்தக் குடியானவன் தன் காசில் மண் கொட்டுவான்? அதனால்தான் அந்த நீண்ட கெடு.

நம் நாட்டில் இதன் மறுபக்கம் நடந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கீழ் பர்மாவில் குத்தகை பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான். தை மாதம் நெல் அளந்ததும் கணக்கு முடிந்தது, அடுத்த மழைக்கு வேறு ஆள் வருவான். தாத்தா சொல்வார்: “வரப்பு யாருடையதும் இல்லை, அதனால் யாரும் கட்டவில்லை.” 1930இல் உலகச் சந்தையில் அரிசி விலை சரிந்தது. கடன் வாங்கியவர்களால் திருப்ப முடியவில்லை, அடமான நிலம் வட்டிக்கடைகளின் கைக்கு வந்தது. பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் 6 சதவீதம். 1938இல் அது 25 சதவீதம். அவர்கள் பணத்தைத் திரும்பப் பெற நினைத்தவர்கள், நிலம் வேண்டும் என்று வந்தவர்கள் அல்ல. வயலில் இறங்கி நிலத்தை நடத்தும் ஏற்பாடு அவர்களிடம் இல்லை. அதற்குப் பின் வந்த கசப்பை நம் ஊரில் எல்லோரும் அறிவோம். 1948இல் நிலத் தேசியமயச் சட்டம் வந்தது. அந்தக் கசப்பில் ஒரு பங்கு ஒருவருடக் குத்தகையால் வந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே என் யோசனை: மூன்று வருடத்துக்குக் குறைத்து எழுதாதீர்கள், முடிந்தால் ஐந்து. இருபத்தொன்று நமக்கு ஆகாது. இங்கே நிலம் கடைசியில் அரசுடையது. நம் கையில் இருப்பது அரசின் படிவம் 7 சான்றிதழ் தரும் உழும் உரிமை. அதை மீறிய வாக்குறுதி கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், இங்கிலாந்தின் பல பிரபுக்களும் முழுச் சொந்தக்காரர்களாக இருக்கவில்லை. குடும்ப ஏற்பாட்டுப் பத்திரப்படி ஆயுள் வரை அனுபவித்துவிட்டு மூத்த மகனுக்கு விட வேண்டியவர்கள். பத்திரம் இடம் கொடுக்காவிட்டால் பெரிய மரத்தை வெட்டக்கூட அவர்களுக்கு உரிமை கிடையாது. பங்காளியின் வயலைப் பார்க்கும் நாமும் அப்படித்தான்.

வாரமா, கூடைக் கணக்கா?

விளைந்ததில் பாதி என்று வாரம் பேசலாம், ஏக்கருக்கு இத்தனை கூடை என்று கட்டுக்குத்தகை பேசலாம். வாரத்தில் கெட்ட வருடத்தின் நஷ்டம் இருவருக்கும் பாதிப் பாதி. ஆனால் களத்தில் நீங்கள் நின்றாக வேண்டும், சந்தேகம் உள்ளே நுழையும், நன்றாக உழைக்கிறவன் தன் கூடுதல் உழைப்பில் பாதியை உங்களுக்குக் கொடுப்பான். நான் கட்டுக்குத்தகையை விரும்புகிறேன், ஒரு நிபந்தனையோடு: அதைக் குறைவாகப் பேச வேண்டும். ஏக்கருக்கு 60 கூடை விளையும் வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்து 30 கூடை மட்டும் மிஞ்சும் வருடத்திலும் அவர் வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் போக எதைக் கொடுக்க முடியுமோ அதுதான் சரியான அளவு. இப்படிப் பேசினால் நல்ல வருடத்தில் உங்களுக்குக் குறைவாகத்தான் தோன்றும். அந்தக் குறைவு வரப்பில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

கூடை எது என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். நெல்லுக்கு ஒரு கூடை 46 பவுண்ட், ஏறக்குறைய 20.9 கிலோ. ஆனால் களத்தில் அளக்கும்போது கூடையின் வாயில் கட்டையை வைத்துத் தலை தட்டினால் ஒரு கணக்கு, கும்பமாக விட்டால் வேறு கணக்கு. கூடையை ஒரு தட்டுத் தட்டித் தரையில் குலுக்கினால் நெல் இறங்கி, மேலே இன்னும் இரண்டு கை பிடிக்கும். அந்த இரண்டு கை நெல்லுக்காக உறவே முறிந்ததைப் பார்த்திருக்கிறேன். முதல் மூன்று கூடையை இருவர் முன்னாலும் தராசில் நிறுத்துப் பாருங்கள், பிறகு அதே கையால் அளக்கச் சொல்லுங்கள். நெல் ஈரமாக இருந்தால் அன்றைக்கு அளக்கவே வேண்டாம். இரண்டு வெயில் காயட்டும்.

தவணை விஷயத்தில் இங்கிலாந்துக்காரர்களின் பொறுமை எனக்குப் பிடிக்கும். மார்ச் 25, செப்டம்பர் 29 என்று வருடத்தில் இரண்டு நாள். பல பண்ணைகளில் அரை வருட வாடகையை அடுத்த அரை வருடம் வரை நிலுவையில் விடுவது வழக்கமாகவே இருந்தது. குடியானவன் விளைச்சலை விற்றுக் காசாக்க அந்த அவகாசம் வேண்டும். வாடகை நாளில் குத்தகைக்காரர்கள் எல்லோருக்கும் சாப்பாடும் போடுவார்கள். நான் முக்கால் பங்கைத் தையிலும், மிச்சத்தைப் பயறு விற்ற பிறகு பங்குனியிலும் வாங்குகிறேன். நெல் அளக்கும் நாளில் எங்கள் வீட்டில் மோகிங்கா என்ற மீன் குழம்பு கொதிக்கும். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் கூடையை எடுப்போம். வயதில் மூத்த பர்மாக்காரரை ‘ஊ’ என்று பெயருக்கு முன் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும், அவர் நம் குத்தகைக்காரராக இருந்தாலும். நம்மவர் என்றால் அண்ணன், மாமா. இதைச் சிறு விஷயம் என்று நினைக்கிறவர் இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டாம்.

பத்திரத்தைப் பர்மிய மொழியில் எழுதி, சத்தமாகப் படித்துக் காட்டி, கிராமத் தலைவர் முன்னால் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி. பங்காளிக்குப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

பத்திரத்தில் என்ன இருக்க வேண்டும்

இங்கிலாந்துக் குத்தகைச் சீட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் வரிகள் உண்டு. தானியப் பயிரை அடுத்தடுத்து இரண்டு முறை போடக்கூடாது. வைக்கோலையும் சாணத்தையும் பண்ணைக்கு வெளியே விற்கக்கூடாது. பழைய மேய்ச்சல் தரையை உழுதால் ஏக்கருக்கு இவ்வளவு தண்டம். இவற்றை நம் வயலுக்கு மாற்றினால் இரண்டு வரி போதும். மழைக்கால நெல்லை அறுத்ததும் மிச்ச ஈரத்தில் உளுந்தோ பாசிப்பயறோ விதைக்க வேண்டும். தாளை முழுவதும் கொளுத்தக்கூடாது. குளோவர் அங்கே மண்ணுக்குச் செய்ததை இங்கே உளுந்து செய்கிறது. வேரைப் பிடுங்கிப் பார்த்தால் முடிச்சு முடிச்சாக இருக்கும், காற்றிலுள்ள தழைச்சத்தை அது மண்ணுக்குக் கொண்டுவருகிறது.

பயறில் குத்தகை கேட்காதீர்கள். நம் உளுந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிறது, விலை நன்றாக இருக்கும் வருடத்தில் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அதில் பங்கு கேட்டால் அடுத்த வருடம் அவர் விதையைக் குறைப்பார், விதைக்காமலும் விடுவார். பயறு அவருக்கு, அது மண்ணில் விட்டுப்போவது உங்களுக்கு. இது நியாயமான பங்கு.

எந்த மரம் யாருடையது

வயலைவிட மரத்தில்தான் சண்டை அதிகம். இங்கிலாந்தில் இதைத் தெளிவாக எழுதி வைத்தார்கள். ஓக், ஆஷ், எல்ம் போன்ற பெருமரம் நிலத்துக்காரருக்கு. வேலி அடைக்க, ஏர் செய்ய, வீட்டைப் பழுதுபார்க்க, அடுப்பெரிக்கத் தேவையான சிறுமரத்தைக் குத்தகைக்காரர் எடுத்துக்கொள்ளலாம், விற்கக்கூடாது. கதவு செய்ய மரத்தை நிலத்துக்காரர் கொடுப்பார், தச்சுக்கூலி குத்தகைக்காரருடையது.

நானும் இப்படியே எழுதுகிறேன். வரப்பில் தானாக முளைத்த மரத்தின் கிளையும் சுள்ளியும் அவருக்கு, அடிமரம் நிலத்துக்கு. அவர் நட்ட வாழையும் முருங்கையும் முழுக்க அவருக்கு. பனை இருந்தால் கள்ளோ நுங்கோ யார் இறக்குவது என்று தனியாக எழுதுங்கள். தோப்பு மூங்கிலில் வருடத்துக்கு இத்தனை கழி வேலிக்கும் வீட்டுக்கும் அவர் வெட்டலாம். கழியின் எண்ணிக்கையைத் தாராளமாக வையுங்கள். போதாத எண்ணை எழுதினால் இரவில் வெட்டுவார், இரவில் வெட்டுகிறவன் இளங்கழியைத்தான் வெட்டுவான்.

மூங்கில் வெட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. மழை ஓய்ந்த பிறகுதான் கத்தி வைக்க வேண்டும். குருத்து வரும் மழை மாதங்களில் தூருக்குள் காலே வைக்கக்கூடாது. பச்சைப் பளபளப்போடு, கணுவில் பழுப்புத் தோல் ஒட்டியிருப்பது இந்த வருடத்துக் கழி. மேலே சாம்பல் படிந்து, தட்டினால் கணீரென்று கேட்பது முதிர்ந்தது. மூன்று வயதுக்கு மேற்பட்டதை மட்டும் தூரின் நடுவிலிருந்து எடுங்கள். ஓரத்தில் உள்ள இளசுகள்தான் அடுத்த வருடத்துக் குருத்தைத் தருகின்றன. தரைக்கு மேல் முதல் கணுவை ஒட்டி வெட்டினால் அடிக்குழியில் தண்ணீர் தேங்காது.

தோப்பைத் துண்டாகப் பிரிப்பது

காடு பார்ப்பதில் அந்தக் காரியஸ்தர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பெரிய விஷயம் இதுதான். ஹேசல், ஆஷ் போன்ற மரங்களை அடியோடு வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். 12 வருடத்தில் ஒரு வெட்டு என்றால் காட்டை 12 துண்டாகப் பிரித்து, குளிர்காலத்தில் ஒரு துண்டு மட்டும் வெட்டுவார்கள். பதின்மூன்றாம் வருடம் முதல் துண்டு மறுபடி தயாராக இருக்கும். வருடா வருடம் விறகும் வேலிக்கழியும் கரியும் வரும், காடு தீராது. அந்தத் துளிர்களுக்கு நடுவே ஓக் மரங்களைப் பெருமரமாக நூறு வருடம் போல வளர விடுவார்கள். 1543இல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் ஏக்கருக்குக் குறைந்தது 12 மரத்தை அப்படி விடச் சொன்னது. ஓக்கின் பட்டைக்கும் விலை உண்டு, தோல் பதனிடுகிறவர்கள் வாங்குவார்கள். வசந்தத்தில் சாறு ஏறும்போதுதான் பட்டை உரியும் என்பதால் அந்த மரத்தை மட்டும் அப்போது வெட்டுவார்கள்.

நம் தைல மரமும் வெட்டினால் துளிர்க்கிறது. எங்கள் தைல மரப் பகுதியை ஆறு கீற்றாகப் பிரித்திருக்கிறேன், வருடத்துக்கு ஒரு கீற்று. வெட்டும்போது கட்டையை ஒரு சாண் உயரத்துக்குள் விட வேண்டும். ரம்பத்தால் அறுப்பது நல்லது, மழுங்கிய கோடாரி பட்டையைத் தூக்கிவிடும், தூக்கிய பட்டையின் அடியில் துளிர் அழுகும். வெட்டுவாய் சாய்வாக இருந்தால் மழைத்தண்ணீர் வழிந்துவிடும். முதல் மழைக்குப் பிறகு ஒரு கட்டையில் பத்துப் பன்னிரண்டு துளிர்கூட வரும். ஒரு வருடம் விட்டு, எதிரெதிராக நிற்கும் இரண்டை மட்டும் வைத்து மற்றவற்றை அறுத்துவிடுங்கள். காற்று வீசும் பக்கம் இருப்பது கட்டையோடு இறுகப் பிடித்திருக்கும், அதை முதலில் தேர்ந்தெடுங்கள். முதல் வருடம் அந்தக் கீற்றுக்கு வேலி கட்டாயம். மாடு ஒரு மாலையில் நுழைந்தால் ஒரு வருடத் துளிர் போச்சு.

தேக்கு

தேக்கைப் பற்றி முதலில் சட்டம். 1992ஆம் ஆண்டு வனச்சட்டப்படி தேக்கு எங்கே நின்றாலும் அரசுக்குச் சொந்தம். 2018ஆம் ஆண்டுச் சட்டம்தான் தனியார் நட்டு வளர்த்த மரத்துக்கு இடம் தந்தது. ஆகவே நட்டதும் வனத்துறையில் பதியுங்கள். வெட்டவும் வண்டியில் ஏற்றவும் தனித்தனி அனுமதி இல்லாமல் கோடாரியைத் தொடாதீர்கள். நட்ட வருடத்தின் படம், நாற்று வாங்கிய சீட்டு, எல்லாவற்றையும் அந்த ஒரே நோட்டில் ஒட்டி வையுங்கள்.

நடுவதற்கு நம் மண்ணிலேயே பிறந்த முறை ஒன்று இருக்கிறது: தவுங்யா. 1856இல் பெகுவின் தேக்குக் காடுகளுக்கு அதிகாரியாக வந்த டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர், மலையில் காடு வெட்டி எரித்து நெல் விதைக்கும் கரென் குடிகளை விரட்டாமல், நெல்லோடு தேக்கையும் நடச் சொன்னார். உயிரோடு நிற்கும் கன்றை எண்ணி அவர்களுக்குக் கூலி. குடியானவனுக்கு நிலம், காட்டுக்குக் கன்று. வயலும் காடும் ஒரே கணக்கு என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கரென் உழவர்களின் கைதான் பிறகு உலகமெங்கும் வனத்துறைகள் படித்த பாடமாயிற்று, அவர்களுக்கு உரிய பெருமை இன்னும் கிடைக்கவில்லை.

சிறு தோப்பிலும் இதைச் செய்யலாம். தை, மாசியில் புதரை வெட்டிக் காயவிட்டு, சித்திரையில் வரும் பர்மிய புத்தாண்டான திஞ்சானுக்கு முன்னால் காற்றில்லாத மாலையில் கொளுத்துங்கள். முதல் மழையோடு குத்தகைக்காரர் எள்ளோ மிளகாயோ மலைநெல்லோ போடட்டும். மழை நிலைத்ததும் தேக்கு. விரல் பருமன் நாற்றைத் தண்டில் ஓர் அங்குலம் விட்டு வெட்டி, வேரை ஒரு சாணுக்குக் குறைத்து, கடப்பாரைக் குழியில் இறக்கி, மண்ணைக் குதிகாலால் இறுக்க வேண்டும். வேரோரம் காற்று நின்றால் கன்று போய்விடும். ஆறடிக்கு ஆறடி என்றால் ஏக்கருக்கு 1,210 கன்று, ஒன்பதடிக்கு ஒன்பதடி என்றால் சுமார் 540. ஊடுபயிர் போடுவதால் எனக்கு ஒன்பதடி வசதி. முதல் இரண்டு வருடம் தரைக்கு வாடகை இல்லை. அவர் தன் பயிருக்குக் களை எடுக்கும்போது கன்றுக்கும் எடுக்கிறார். இரண்டாம் வருட முடிவில் இருவரும் சேர்ந்து எண்ணி, உயிரோடு இருக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் பேசிய காசைக் கொடுத்துவிடுங்கள், அன்றைக்கே.

ஐந்தாவது, ஆறாவது வருடத்தில் கலைப்பு, அதாவது நெருக்கம் குறையச் சில மரங்களை வெட்டி எடுப்பது. மனசு வராது, ஆனாலும் வெட்ட வேண்டும். கடைசியில் ஏக்கருக்கு நூறுக்கும் குறைந்த மரம்தான் பெருமரமாகும். கவை விட்டது, வளைந்தது, பக்கத்து மரத்தின் நிழலில் மெலிந்தது, இவற்றுக்கு முதலில் சுண்ணாம்புக் குறி போடுங்கள். துளைப்பான் புழு ஏறிய மரத்துக்கும் போடுங்கள். அது ஓர் அந்துப்பூச்சியின் புழு. மரத்தைக் கொல்லாது, ஆனால் பலகை அறுத்தால் விரல் நுழையும் துளை இருக்கும், விலை விழுந்துவிடும். அடிமரத்தில் ஈரமான தூள் வழிந்திருந்தால் அதுதான். தேக்கை மட்டும் அடர்த்தியாக வைக்காமல் நடுநடுவே பியின்கடோ மரமும் மூங்கிலும் விட்டால் தோப்பு ஆரோக்கியமாக இருக்கிறது. மாசிக்குள் எல்லையைச் சுற்றி பதினைந்தடி அகலத்துக்குச் சருகைக் கூட்டித் தீத்தடுப்புப் பாதை போட்டாக வேண்டும். இந்த வேலைக்குக் குத்தகைக்காரர் வீட்டு ஆட்களையே கூலிக்குக் கூப்பிடுங்கள். வயலில் வேலையில்லாத மாதம் அது, அவர்களுக்கும் காசு கிடைக்கும்.

கெட்ட வருடம்

1730களிலும் 40களிலும் இங்கிலாந்தில் தானிய விலை விழுந்தது, 1745க்குப் பிறகு மாட்டுக் கொள்ளைநோயும் சேர்ந்தது. அறிவுள்ள நிலத்துக்காரர்கள் பாக்கியைத் தள்ளிப்போட்டார்கள், சிலர் வாடகையைக் குறைத்தார்கள், குத்தகைக்காரர் செய்ய வேண்டிய பழுதுவேலையைத் தாங்களே ஏற்றார்கள். ஆள் போய்விட்ட பண்ணையில் களை ஏறும், கூரை இறங்கும், அடுத்து வருகிறவன் பாதி வாடகை பேசுவான். அதைவிடப் பாக்கியைச் சுமப்பது மலிவு.

எங்கள் பக்கம் பெகு ஆறு ஏறினால் நாற்று அழுகிவிடும். அந்த வருடம் என் வரிசை இது: முதலில் மறுநடவுக்கு விதைநெல், வட்டியில்லாமல். பிறகு குத்தகையில் பாதியை அடுத்த இரண்டு அறுப்புக்குத் தள்ளி எழுதுவது. பங்காளிக்குப் போக வேண்டிய பணத்துக்குத் தோப்பில் அந்த வருடக் கீற்றை வெட்டி விற்பது, போதாவிட்டால் முதிர்ந்த மூங்கில். அடுத்த வருடக் கீற்றைத் தொடுவதில்லை. தேக்கை இதற்கு எடுப்பதே இல்லை. மகள் கல்யாணத்துக்கும் பழைய கடனுக்கும் ஓக் காட்டை ஒரே மூச்சில் வெட்டி விற்ற பிரபுக்கள் அங்கே நிறையப் பேர். அடுத்த ஓக்கை அவர்கள் பேரன்கூடப் பார்க்கவில்லை. பங்காளி போனில் அழைத்துத் தேக்கை விற்றுவிடு என்றால், நோட்டைத் திறந்து மரத்தின் வயதையும் சுற்றளவையும் படித்துக் காட்டுங்கள். எண்ணைக் கேட்டால் பெரும்பாலும் அமைதியாகிவிடுகிறார்கள்.

குத்தகை முடியும்போது

கெடு முடிவதற்கு ஓர் அறுப்புக்கு முன்னாலேயே, தொடர்வதா இல்லையா என்று இருவரும் பேசிவிட வேண்டும். கடைசி வருடத்தில்தான் வரப்பு கவனிப்பாரில்லாமல் போகிறது. விலகுகிறவரோடு மறுபடி அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வயலைச் சுற்றுங்கள். அவர் கட்டிய புதுவரப்பு, போட்டு இன்னும் பலன் எடுக்காத எரு, வெட்டிய வாய்க்கால், நட்ட வாழை, களத்தில் நிற்கும் வைக்கோல் போர், இவற்றுக்கு விலை போட்டு, புதிதாக வருகிறவரிடமிருந்தோ உங்கள் கையிலிருந்தோ கொடுங்கள். உடைந்து கிடக்கும் வரப்புக்கும் அதே இடத்தில் விலை போட்டுக் கழியுங்கள். பயறு நிற்கிறதென்றால் அதைப் பறித்து முடிக்கும்வரை அவருக்கு வழி விட வேண்டும் என்று புதியவரின் பத்திரத்தில் எழுதுங்கள். தவுங்யா கன்றுக்கூலி பாக்கி இருந்தால் அவர் முன்னாலேயே எண்ணி, அவர் வண்டி ஏறுவதற்கு முன் கொடுத்துவிடுங்கள்.